கேள்விக்கு இடம் விடாத வாக்கியங்கள்

தமிழில் ‘போகலாம்’ என்பதும் ‘போக வேண்டாம்’ என்பதும் வாக்கியம் முடிகிற இடத்தில்தான் பிரியும். அதுவரைக்கும் இரண்டும் ஒரே பாதையில் வருகின்றன. கடதாசியில் படிக்கிறவருக்கு இதில் ஒரு கரைச்சலும் இல்லை. மழைக்குள் ஓடுகிற ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியைக் கேட்கிறவருக்குத்தான் கரைச்சல்.

மட்டக்களப்பில் வெள்ள முன்னாயத்தக் கூட்டங்களில் பேசுவதும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவித்தல் எழுதப் பழக்குவதும் சில வருடங்களாக என் வேலை. பெரும்பாலும் படுவான்கரை, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கம். வவுணதீவு, ஆயித்தியமலை, வெல்லாவெளி என்று போய் வருவேன். இடைக்கிடை கிரானும் ஏறாவூரும். வடகீழ்ப் பருவமழை மார்கழி, தையில் கொட்டும்போது உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் நிரம்பும், கதவு திறப்பார்கள். கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும், சனம் தோணியிலும் உழவு இயந்திரத்திலும் போய் வரும். 2011 தை மாத வெள்ளத்தை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

வழக்கமாக வருகிற அறிவித்தல் இப்படி இருக்கும்: ‘தொடர்ச்சியாகப் பெய்து வரும் பலத்த மழை காரணமாகக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளமையினால் தாழ்நிலப் பிரதேசங்களில் வசிக்கும் பொதுமக்கள் ஆற்றை அண்டிய பாதைகளைப் பயன்படுத்துவதைத் தவிர்த்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்ளப்படுகின்றனர்.’

ஒரே வாக்கியம். இலக்கணத்தில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆட்டோ மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்கு ஐந்தரை மீற்றர். மழைச் சத்தத்துக்குள் சொல் பிரித்துக் கேட்கிற தூரம் வாசலுக்கு இந்தப் பக்கம் 30 மீற்றர், அந்தப் பக்கம் 30 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 11 செக்கன். மேலே உள்ள வாக்கியத்தை அமைதியாக வாசித்து முடிக்கவே அதைவிடக் கூட எடுக்கும். ஆகவே ஒரு வீட்டுக்காரருக்கு முதல் பாதி விழும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின் பாதி. நடுவில் நிற்கிறவருக்கு ‘பொதுமக்கள் ஆற்றை அண்டிய பாதைகளைப் பயன்படுத்து’ வரைக்கும் கேட்கும். மிச்சத்தை வாடைக்காற்று கொண்டுபோய்விடும்.

இதை ஒரு பின்னேரம் பிள்ளைகளை வாசல் வாசலாக நிற்க வைத்துக் கேட்டுப் பார்த்தோம். காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதி வந்ததைச் சேர்த்து வைத்து வாசித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பிள்ளையின் கடதாசியில், ஆற்றுப் பாதையைப் பயன்படுத்தச் சொல்லி அறிவித்தல் போகிறது என்று இருந்தது.

அன்றைக்கே திருத்தி எழுதினோம். ‘ஆத்துப் பாதை மூடியாச்சு. போகாதீங்க. குளத்துக் கதவு திறந்திருக்கு. இரவைக்கு தண்ணி ஏறும். ஆத்தோரம் இருக்கிறவங்க அஞ்சு மணிக்கு முதல் பள்ளிக்கூடத்துக்கு வாங்க.’ இதில் எந்தத் துண்டு காதில் விழுந்தாலும் அந்தத் துண்டு தனியாக நின்று சரியான செய்தியைச் சொல்லும். ஒலிபெருக்கிக்கு எழுதுகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும்: வாக்கியத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் எதிர்ப்பொருள் வரக்கூடாது. கோயில் ஒலிபெருக்கிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் இதே விதிதான். அவை நகராது என்பதால் இரண்டு தரம் சொல்ல நேரம் கிடைக்கும், அவ்வளவே வித்தியாசம்.

இது காது சம்பந்தப்பட்ட பிரச்சினை. இதைவிட ஆழமான ஒன்று ‘திறக்கப்பட்டுள்ளது’, ‘கேட்டுக் கொள்ளப்படுகின்றனர்’ என்ற முடிவுகளில் இருக்கிறது. அங்கே ஆள் இல்லை. யார் திறந்தார், யார் கேட்டுக்கொள்கிறார் என்று வாக்கியத்தில் இல்லாதபோது, கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு ‘ஏன்?’ என்று கேட்க ஒரு முகம் கிடைப்பதில்லை. மழை பெய்தது, இருட்டியது என்பதைப் போல அதுவும் தன்பாட்டில் நடந்த ஒன்றாகக் காதில் விழுந்து போய்விடும். ‘வான்கதவுகள் திறக்கப்படும்’ என்று நான் கூட்டங்களில் வாசித்த நேரமெல்லாம் சனம் தலையாட்டிக்கொண்டு இருந்தது. பிளேன்ரீ வந்தது, குடித்தோம், கலைந்தோம்.

ஆள் வைத்து எழுத உட்கார்ந்தபோதுதான் வேலை தொடங்கியது. யார் திறப்பது? நீர்ப்பாசனப் பொறியியலாளரின் அலுவலகம். திறக்க முதல் யாருக்குச் சொல்வார்கள்? அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கு, அதாவது சனம் ஜி.எஸ். என்கிறவருக்கு, செய்தி எப்படி வரும்? திறந்த தண்ணீர் எங்கள் பாலத்தடிக்கு வர எவ்வளவு நேரம்? அறையில் இருந்த ஒருவருக்கும் முழுப் பதிலும் தெரியாது. ‘திறக்கப்படும்’ என்று எழுதியிருந்தால் தெரியாது என்பதே தெரிய வந்திருக்காது. தொலைபேசியில் இரண்டு மூன்று பேரைப் பிடித்துக் கேட்டுத்தான் அந்த நாலு வரியும் எழுத முடிந்தது. எழுதுகிறவரின் மூளையையும் சேர்த்தே அந்தச் செயப்பாட்டு வினை தூங்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்த கூட்டத்தில் ‘பொறியியலாளர் கதவைத் திறக்க முதல் உங்கட ஜி.எஸ்.க்கு கோல் எடுப்பார்’ என்று சொன்னதும் பின்வரிசையில் இருந்த வட்டவிதானை ஒருவர், அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறவர், எழும்பினார். “எத்தனை கதவு மகள்? எத்தனை அடி? ஒரு கதவை ஒரு அடி திறந்தா எங்கட வயல் வட்டைக்குள்ள வராது. எல்லாத்தையும் ஒரே நேரத்தில தூக்கினாத்தான் வாய்க்கால் மேவும். அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.” அதுவரை எந்த அறிவித்தலிலும் அடிக்கணக்கைப் போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அவருக்கு அந்த அறிவு முன்னமே இருந்தது. அதை வெளியே எடுக்க அவருக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. கெயிட்லின் ஃபாசி, லேரா பொரோடிட்ஸ்கி என்ற இருவர் 2010இல் வெளியிட்டது. உணவகத்தில் ஒரு பெண்ணால் மெழுகுதிரி விழுந்து தீப்பிடித்த கதையை ஒரு குழுவுக்கு ‘அவர் மெழுகுதிரியைக் கவிழ்த்தார்’ என்ற தோரணையிலும், மற்றக் குழுவுக்கு ‘மெழுகுதிரி கவிழ்ந்தது’ என்ற தோரணையிலும் கொடுத்தார்கள். முதல் வகையை வாசித்தவர்கள் அந்தப் பெண் மேல் கூடுதல் பழி போட்டார்கள், கூடுதல் நட்டஈடும் கேட்டார்கள். காணொளியாக நேரே பார்த்த ஒரு சம்பவத்திலும், கூடவே வாசித்த விவரணை தீர்ப்பை அசைத்தது. தமிழ்க்காரருக்கு இது புதினமாக இருக்காது. உடைந்தது–உடைத்தார், கவிழ்ந்தது–கவிழ்த்தார் என்று சோடி சோடியாக வைத்துக்கொண்டு அன்றாடம் பழி போடுவதும் பழி தப்புவதும் நாம்தானே. வீட்டில் கோப்பை எப்போதும் ‘உடைந்துவிடும்’, யாரும் உடைப்பதில்லை.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆளைப் போட்டு எழுதலாம் என்று கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒரு தம்பி எழுதி வந்தார்: ‘திணைக்களம் குளத்துத் தண்ணியை எங்கட வயலுக்குள்ள திறந்து விட்டிட்டுது.’ வாக்கியத்தில் ஆள் உண்டு, செயல் உண்டு, கோபமும் உண்டு. கேள்விக்கு மட்டும் இடமில்லை. கதவு திறக்காமல் விட்டால் அணைக்கட்டுக்கு என்ன நடக்கும்? அணைக்கட்டு உடைந்தால் எவ்வளவு தண்ணீர் ஒரேயடியாக வரும்? முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா? இந்த மூன்றாவது கேள்விதான் உண்மையில் கேட்க வேண்டியது, அதற்கு அதிகாரிகளிடம் பதிலும் வாங்கலாம். ‘திறந்து விட்டிட்டுது’ என்றதும் எல்லோரும் ஏச ஆரம்பித்துவிடுவார்கள், அந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே யார் செய்தார் என்று எழுதும்போதே, ஏன் செய்தார், வேறு வழி என்ன இருந்தது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்கிறேன்.

சரி, எண்களுக்கு வருவோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பில் அடிக்கடி வருகிற வரி, ‘சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை பெய்யக்கூடும்’ என்பது. மில்லிமீற்றர் என்றால் பள்ளிக்கூட அடிமட்டத்தில் இருக்கிற சின்னக் கோடு. நூறு சின்னக் கோடு யாரைப் பயமுறுத்தும்? கூட்டத்தில் இதைக் கணக்காகச் செய்து காட்டுவேன். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அப்படியென்றால் 10 பேர்ச் வளவில் 100 மில்லிமீற்றர் மழை என்பது 25,000 லீற்றர், அதாவது வீடுகளில் வைக்கிற 1,000 லீற்றர் தாங்கி இருபத்தைந்து. ஒரு ஏக்கர் வயல் என்றால் நாலு இலட்சம் லீற்றர். இந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

நிமிர்ந்து உட்கார்ந்தவுடன் கேட்பார்கள். ஒரு இளம் தாய், மடியில் பிள்ளையுடன், “இது ஒரு மணித்தியாலத்திலயா மிஸ், ஒரு நாளைக்கா?” என்றார். 24 மணித்தியாலத்துக்கு என்றேன். உடனே பக்கத்தில் இருந்த அம்மா, “இஞ்ச பெய்யிறதா, மேல பெய்யிறதா?” என்றார். எங்கள் ஆறுகள் மேற்கே இருந்து வருகின்றன. இங்கே வெயில் எறிக்கிற நாளிலும் மேலே பெய்த மழை வந்து ஏறும். நான் ஒரு மணித்தியாலம் விளக்கத் திட்டமிட்டிருந்ததை இரண்டு பேர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார்கள்.

அதே வரியில் உள்ள ‘பெய்யக்கூடும்’ இன்னொரு தலையிடி. கூட்டத்துக்கு வந்தவர்களிடம் சின்னத் துண்டுக் கடதாசி கொடுத்து, ‘பெய்யக்கூடும்’ என்று கேட்டால் நூற்றுக்கு எத்தனை என்று நினைக்கிறீர்கள், எழுதுங்கள் என்பேன். முப்பது என்று எழுதுகிறவரும் தொண்ணூறு என்று எழுதுகிறவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். படியாத சனம் என்று நினைத்துவிட வேண்டாம். 1951இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோசிலாவியா மீது தாக்குதல் நடப்பதற்குக் கணிசமான சாத்தியம் உண்டு என்கிற மாதிரி ஒரு அறிக்கை எழுதியது. அதில் பங்கெடுத்த ஷேர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது நூற்றுக்கு 65. கூட எழுதியவர்களிடம் பிறகு கேட்டால் 20 என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். எல்லோரும் ஒரே சொல்லுக்கு உடன்பட்டவர்கள். இப்படிக் குழப்பம் வராமல் இருக்கத்தான் காலநிலை மாற்ற அறிக்கைகளை எழுதும் ஐ.பி.சி.சி. குழு, சாத்தியத்தைக் குறிக்கிற சொற்களுக்கு வீதம் வகுத்து வைத்திருக்கிறது. ‘சாத்தியம் உண்டு’ என்ற படிக்கு 66 வீதத்துக்கு மேல், ‘மிகவும் சாத்தியம்’ என்றால் 90க்கு மேல். கிராமத்தில் நான் வீதம் சொல்வதில்லை. ‘இப்படிப் பத்துத் தரம் சொன்னால் ஏழு தரம் பெய்யும், மூன்று தரம் பெய்யாது. பெய்யாத நாள் வந்தால் எங்களை ஏசாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பெய்யாத நாளுக்கு முன்கூட்டியே இடம் விட்டால்தான் அடுத்த அறிவித்தலையும் சனம் கேட்கும்.

இனி வதந்தி. மட்டக்களப்புக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ‘கடல் வருதாம்’ என்ற ஒற்றைச் சத்தத்துக்கு ஊரே ஓடும். அதில் பிழை காண எனக்கு மனம் வராது. 2012 சித்திரையில் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில நடுக்கம் வந்து எச்சரிக்கை விடப்பட்டபோதும் ஓடினார்கள், ஓடத்தான் வேண்டும். கதை வேறு இடத்தில் இருக்கிறது. பேச்சில் ‘குளம் உடைஞ்சிட்டாம்’ என்கிறோம். அந்த ‘ஆம்’ ஒரு நேர்மையான சின்ன உறுப்பு. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அறிவித்துவிடுகிறது. கேட்கிறவரும் தன்பாட்டில் “ஆர் சொன்ன?” என்பார். அதே செய்தியைக் கையடக்கத் தொலைபேசியில் தட்டி அனுப்பும்போது எழுத்துத் தமிழுக்கு மரியாதையாக இல்லை என்று ‘ஆம்’ கழன்றுவிடும். ‘குளத்தின் அணைக்கட்டு உடைப்பெடுத்துள்ளது, மக்கள் அவதானம்’ என்று ஆகிவிடும். கேள்விப்பட்டது அறிக்கையாகிவிட்டது. எழுத்துத் தமிழின் கம்பீரம் ஆதாரத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இளைஞர் குழுக்களிடம் ஒரு பழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்: பார்க்காத செய்தியை எழுதினால் ‘ஆம்’ போட்டே எழுதுங்கள், யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்றும் போடுங்கள். எழுத்துப் பிழை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வெள்ளத்துக்கு வெளியேயும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. கார்த்திகையில் தடையை விலக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் ஆடிப்போய்விட்டது. அந்த நேரம் ஒரு சின்னக் கூட்டத்தில் இரண்டு அணியாகிவிட்டார்கள். ஒரு அணி ‘நஞ்சு, நஞ்சில்லாத சோறு, வருங்காலச் சந்ததி’ என்றது. மற்ற அணி ‘வயித்தில அடி, விவசாயி சாபம்’ என்றது. இரு பக்கமும் நன்றாகப் பேசினார்கள், கைதட்டும் விழுந்தது. ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நைதரசன் தேவை, அது எங்கேயிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு விவசாயி சிமெந்து நிலத்தில் கரித்துண்டால் எழுதிக் காட்டினார். யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆகவே 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கூட்டெருவில் ஒரு வீதம், மிஞ்சினால் இரண்டு. அந்த 23 கிலோவை எடுக்க ஒரு தொன்னுக்கு மேல், சிலவேளை இரண்டு தொன்னுக்கும் மேல் எரு வேண்டும். “அவ்வளவு மாடு ஆரிட்ட இருக்கு? ஏத்தி இறக்கக் கூலி ஆர் குடுக்கிற?” நஞ்சு, சாபம் இரண்டும் அந்த நிமிடத்தோடு மறைந்துபோயின. சேதனப் பசளையை ஆதரித்தவர்களும் அதன்பிறகு, எத்தனை வருடத்தில், எந்தப் பயிரில் இருந்து தொடங்கலாம் என்று பேசினார்கள். பெரிய சொற்கள் ஆட்களை அணி பிரித்தன, கிலோக்கணக்கு அவர்களைத் திரும்ப ஒரே பாயில் உட்கார வைத்தது.

பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியூரில் இருந்து வருகிற சிலர் சனத்தோடு நெருங்குவதாக நினைத்து ‘மறுகா’, ‘என்னகா’ என்று எங்கள் பேச்சைப் போலி செய்வார்கள். முகத்துக்கு முன்னால் சிரிப்பார்கள், போன பிறகு “எங்களப் பழிச்சுக் காட்ட வந்தவர்” என்பார்கள். மட்டக்களப்புப் பேச்சை மேடையில் கேலிக்கு எடுத்த காலம் சனத்துக்கு மறக்கவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள், வாக்கியத்தை மட்டும் சின்னதாக்குங்கள், போதும். ஏறாவூரில் பேசினாலும் வெல்லாவெளியில் பேசினாலும் மரியாதைப் பன்மையை விடாதீர்கள். மறுபக்கம், சுனாமிக்குப் பின் வந்த நிறுவனங்கள் விட்டுப்போன பட்டறைத் தமிழ் ஒன்றும் இங்கே உண்டு. ‘இயலளவு விருத்தி’, ‘பங்குதாரர் வலுவூட்டல்’ என்று தொடங்கினால் சனம் சாப்பாட்டுப் பொதி எப்போது வரும் என்று வாசலைப் பார்க்கத் தொடங்கும். அதில் நியாயம் இருக்கிறது.

கூட்ட முடிவில் ‘விளங்கிச்சா?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘ஓம்’ என்பதைத் தவிர அதற்கு யாரும் வேறு பதில் சொல்லமாட்டார்கள். இப்போது, “இரவு உங்கட மனிசன் வயலால வந்தா என்ன சொல்லுவீங்க?” என்று ஒருவரைக் கேட்கிறேன். போன மழைக்கு முதல் ஒரு அக்கா எழும்பிச் சொன்னார்: “கதவு திறந்தா ஜி.எஸ். சொல்லுவாராம், நாலு மணித்தியாலத்தில தண்ணி பாலத்தடிக்கு வருமாம், அதுக்குள்ள மாட்டை மேட்டுக்கு ஏத்தட்டாம்.” எல்லாவற்றுக்கும் ஒழுங்காக ‘ஆம்’ போட்டார். நான் சந்தோசப்பட்டு முடிக்க முதல் பின்னால் இருந்து ஒரு பொடியன், “அந்த நாலு மணித்தியாலம் ஆர் அளந்தது மிஸ்? எத்தனை கதவு திறந்தா நாலு?” என்றான். அன்றைக்குப் பதில் இருக்கவில்லை. கேள்வியை அவன் சொன்னபடியே எழுதி, கூட்டத்தில் இருந்தவர்களின் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறோம். வட்டவிதானையும் கையெழுத்து வைத்தார், கீழே தன் கையால் ‘எத்தனை அடி என்றும் அறியத் தரவும்’ என்று சேர்த்து எழுதிவிட்டு.